சாவடிக்கும் ஒரு பாலிசி

வைகாசியில் திருவாதவூர்த் திருமறைநாதர் மேலூருக்குப் புறப்பட்டுவிட்டால் வழிநெடுக மண்டகப்படிதான். மாம்பழக் காலத்தில் வருவதால் ஊர் அதை மாங்கொட்டைத் திருவிழா என்றே சொல்கிறது. ஆவணி மூலத்துக்கு அதே ஊரிலிருந்து மாணிக்கவாசகர் மதுரைக்கு எழுந்தருள்கிறார். சித்திரையில் கள்ளழகர் மலையிலிருந்து இறங்கி வரும் பாதையில் மண்டகப்படிகள் நூற்றுக்கணக்கில். சாமி நின்று போகும் இந்த இடங்களில் சில கல்தூண் சாவடிகள், சில தகரக் கொட்டகைகள், சில ஏசி போட்ட திருமண மகால்கள். ஒன்று ஓர் உறவின்முறைக்குச் சொந்தம், இன்னொன்று ஒரு வியாபாரிகள் சங்கத்துக்கு, மற்றொன்று ஒரு கரையின் பங்காளிகளுக்கு. சாமி வரும் நாள் போக மீதி நாட்களில் அங்கே காதணி விழா, கல்யாணம், கருமாதிச் சாப்பாடு, கட்சிக் கூட்டம் எல்லாம் நடக்கும். தலைக்கட்டு வரி எவ்வளவு வந்தது, பந்தலுக்கு எவ்வளவு, மைக்செட்டுக்கு எவ்வளவு, வாணவேடிக்கைக்கு எவ்வளவு என்று ஆண்டுக்கொரு முறை கணக்கு வாசிப்பார்கள். பத்து ரூபாய் பிசகினாலும் கேள்வி எழும். அந்தக் கணக்கில் இன்சூரன்ஸ் பிரீமியம் என்றொரு வரியைக் காண்பது அரிது.

இதற்குக் கஞ்சத்தனம் காரணமில்லை. வாணவேடிக்கைக்குக் கொடுக்கிற கை பிரீமியத்துக்கு மட்டும் சுருங்கிவிடாது. பொதுச் சொத்தைப் பற்றி நம்மிடம் ஊறிப்போன ஓர் எண்ணம்தான் காரணம்: எல்லாருக்கும் சொந்தம், ஆகவே எல்லாரும் சேர்ந்து பார்த்துக்கொள்வார்கள். கட்டடம் இடிந்தால் மறுபடி வரி போட்டுக் கட்டிக்கொள்ளலாம் என்பது உண்மைதான். பல ஊர்களில் அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். ஆனால் கட்டடத்துக்குள் ஓர் உயிர் போனால் கதை வேறு. அன்றைக்கு ‘எல்லாரும்’ கலைந்துபோய், தலைவர், செயலாளர், பொருளாளர் என்று மூன்று பெயர்கள்தான் மிஞ்சும். போலீஸ் முதல் தகவல் அறிக்கையில் அந்தப் பெயர்கள் வரும்; இழப்பீட்டு வழக்கின் எதிர்மனுதாரர் பட்டியலிலும் அதே பெயர்கள் வரும். ஊர் மண்டபத்துக்கு இன்சூரன்ஸ் என்றவுடன் நெருப்பும் கட்டடமும்தான் நினைவுக்கு வருகின்றன. அதைவிட முந்தி வேண்டியது அங்கே வந்துபோகும் மனிதருக்கு நேரும் தீங்குக்கான பொறுப்புக் காப்பீடு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

காப்பீடு என்ற கருத்து நம் சங்கங்களுக்குப் புதிதல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். தென்மாவட்ட நாடார் உறவின்முறைகள் வியாபாரச் சரக்கின் மேல் மகமை வசூலித்தன. அந்தப் பொதுநிதியிலிருந்து பேட்டைகளும் கிணறுகளும் கோயில்களும் எழுந்தன. விருதுநகரில் 1889-ல் சத்திரிய வித்தியாசாலை எழுந்ததும் அந்தப் பணத்தில்தான். ஒருவர் தலையில் விழும் சுமையைப் பலர் தோளுக்குப் பிரித்துக் கொடுப்பதுதானே காப்பீடு? அமெரிக்காவிலும் இதே கதை நடந்தது. அங்கே ‘லாட்ஜ்’ என்றால் தங்கும் விடுதி இல்லை. சகோதரச் சங்கத்தின் கிளை, அதன் கூடம். 1868-ல் பென்சில்வேனியா மாநிலத்தின் மீட்வில் என்ற ஊரில் ஜான் அப்சர்ச் என்ற ரயில்வே மெக்கானிக் தொடங்கிய தொழிலாளர் சங்கத்தில், உறுப்பினர் ஒருவர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் போட்டு அவர் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். நம் தலைக்கட்டு வரிக்கும் அதற்கும் அதிக தூரமில்லை. அந்த முறை எங்கே இடறியது என்பதுதான் கவனிக்க வேண்டியது. உறுப்பினர்களுக்கு வயது ஏற ஏற மரணங்கள் கூடின, வசூல் அடிக்கடி வந்தது, இளையவர்கள் ஒதுங்கத் தொடங்கினார்கள். கைக்குக் கை கொடுக்கும் ஏற்பாடு, இழப்பு ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு வரும்வரை தாங்கும். ஒரே நாளில் பலர் மேல் விழும் இழப்பையோ, சங்கத்துக்கு வெளியே இருப்பவர் கேட்டு வரும் இழப்பீட்டையோ அதனால் தாங்க முடியாது.

அப்படி ஒரே நாளில் விழும் இழப்பை நாம் பார்த்திருக்கிறோம். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு திருமண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் தீப்பிடித்தது. வீடியோ எடுப்பதற்காக இழுத்த மின்வயரிலிருந்து பொறி கிளம்பியதாகச் சொல்லப்பட்டது. மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது தனியார் மண்டபம்; ஆனால் அங்கே இருந்த எதுவும் சங்க மண்டபத்தில் இல்லாத பொருள் அல்ல. கீற்றுக்குப் பதில் இன்று துணிப் பந்தலும் பிளாஸ்டிக் பூவும் வந்திருக்கின்றன. வீடியோ விளக்கோடு சீரியல் செட்டும் ஜெனரேட்டரும் சேர்ந்திருக்கின்றன. ஒரு முகூர்த்த நாளில் பந்தல்காரர், சமையல் மாஸ்டர், மைக்செட்காரர், அலங்காரக்காரர் என்று நான்கைந்து தரப்பு ஆட்கள் ஒரே மெயின் பாக்ஸிலிருந்து வயர் இழுக்கிறார்கள். அவர்களில் ஒருவரும் சங்கத்தின் ஊழியர் இல்லை. ஆகவே பொறுப்பும் சங்கத்துக்கு இல்லை என்று நிர்வாகிகள் நினைத்துக்கொள்கிறார்கள்.

நீதிமன்றம் அப்படி நினைக்கவில்லை என்பதற்கு டெல்லி உபகார் தியேட்டர் வழக்கே போதும். 1997 ஜூன் 13 அன்று அந்தத் தியேட்டரின் கீழ்த்தளத்தில் இருந்த டிரான்ஸ்பார்மரில் தீ பிறந்தது. அது தியேட்டருக்காக வைத்த டிரான்ஸ்பார்மர் இல்லை, மின்வாரியத்துடையது. அதன் பராமரிப்பில் மின்வாரியம் கோட்டை விட்டது நிரூபணமானது. ஆனால் பால்கனியில் இருந்தவர்களைக் கொன்றது நெருப்பு இல்லை, புகை. கூடுதல் நாற்காலி போடுவதற்காக நடைவழியை அடைத்திருந்தார்கள். வெளியேறும் வழி ஒன்று மூடிக் கிடந்தது. 59 பேர் இறந்தார்கள். 2011-ல் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டைப் பிரித்தபோது மின்வாரியத்தின் பங்கு 15 சதவீதம், தியேட்டர் நிர்வாகத்தின் பங்கு 85 சதவீதம். இறந்தவர் இருபது வயதைக் கடந்தவரென்றால் 10 லட்சம், அதற்கு உட்பட்டவரென்றால் ஏழரை லட்சம், அதற்கு மேல் வட்டி. உயர் நீதிமன்றம் முதலில் விதித்திருந்த தொகையைக் குறைத்த பிறகு நின்ற கணக்கு இது. தீயை மூட்டியது யார் என்ற கேள்வியோடு நீதிமன்றம் நிற்கவில்லை. கூட்டத்தை உள்ளே அழைத்தவர் வெளியே போக வழி வைத்திருந்தாரா என்று கேட்டது. மூட்டை மூட்டையாக அரிசியையும் மடக்கு நாற்காலிகளையும் பின்வாசலை அடைத்து அடுக்கி வைக்கும் பழக்கமுள்ள எந்த மண்டபமும் இந்தத் தீர்ப்பை ஒருமுறை படித்துக்கொள்ள வேண்டும்.

மண்டபம் நமக்குச் சொந்தமில்லாமல், வாடகைக்கு எடுத்து விழா நடத்தினாலும் தப்ப முடியாது. ஹரியானாவில் தப்வாலி என்ற ஊரில் 1995 டிசம்பர் 23 அன்று ஒரு பள்ளியின் ஆண்டு விழா, வாடகைக்கு எடுத்த கல்யாண மண்டபத்தின் ஷாமியானா பந்தலில் நடந்தது. பந்தல் தீப்பிடித்து நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்; பெரும்பாலானவர்கள் குழந்தைகளும் பெண்களும். பஞ்சாப்-ஹரியானா உயர் நீதிமன்றம் 2009-ல் இழப்பீட்டுச் சுமையை அரசுத் தரப்போடு விழா நடத்திய பள்ளி நிர்வாகத்தின் மேலும் வைத்தது. லாபம் கருதாத நிறுவனம் என்பது அங்கே கேடயமாகவில்லை. தர்மத்துக்கு நடத்துகிறோம், வாடகைகூட பராமரிப்புச் செலவுக்குத்தான் என்று நம் சங்கங்கள் சொல்வதும் உண்மையாகவே இருக்கலாம். கவனக்குறைவால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், அந்தக் கவனக்குறைவு இலவசமாக நடந்ததா காசுக்கு நடந்ததா என்று இழப்பீட்டுச் சட்டம் பிரித்துப் பார்ப்பதில்லை. காசு வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையத்தின் கதவும் கூடுதலாகத் திறக்கும், அவ்வளவுதான் வேறுபாடு.

இங்கே எழும் முதல் மறுப்பு வலுவானது: நம்ம ஊர்க்காரன் நம்ம சங்கத்து மேலேயே கேஸ் போடுவானா? போட மாட்டார் என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் மண்டபத்துக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் சம்பந்தி வீட்டார், வெளியூர்க்காரர்கள், பாத்திரம் கழுவ வந்த பெண்கள், தட்டு எடுக்க வந்த கல்லூரிப் பையன்கள். அவர்களுக்கு இந்தச் சங்கத்தோடு எந்த உறவும் இல்லை. உறவு உள்ளவரின் நிலை இன்னும் சங்கடமானது. மாடிப்படியின் கைப்பிடி உடைந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒருவர், ஆறு மாத வருமானத்தை இழந்தபிறகும் வாயைத் திறக்க முடியாது. திறந்தால் நல்லது கெட்டதுக்கு யாரும் வர மாட்டார்கள். உறவைக் காப்பாற்றிக்கொள்ளத் தன் கைக்காசை இழக்கிறார். பொறுப்புக் காப்பீடு இருந்தால் அவர் சங்கத்திடம் எழுத்தில் கேட்கலாம், சங்கம் அதைக் கம்பெனிக்கு அனுப்பலாம், கொடுக்கல் வாங்கல் உறவுக்கு வெளியே நடக்கும். என் பார்வையில் இந்த பாலிசியின் பெரிய பயன் இதுதான். வழக்குக்குப் பயந்து எடுப்பதைவிட, வழக்குப் போட மனமில்லாதவரின் நியாயத்துக்காக எடுப்பது மேல்.

‘பப்ளிக் லயபிலிட்டி’ என்றால் 1991-ல் வந்த சட்டம் என்று பலர் குழப்பிக்கொள்கிறார்கள். போபால் நச்சுவாயுக் கொடுமைக்குப் பின் வந்த அந்தச் சட்டம் அபாயகரமான பொருட்களைக் கையாளும் நிறுவனங்களுக்குத்தான் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது. மண்டபங்களும் கிளப்புகளும் பள்ளிகளும் எடுப்பது, தொழிற்சாலை அல்லாத இடங்களுக்கான பொதுப் பொறுப்பு பாலிசி; அது கட்டாயமில்லை, விருப்பம். அதில் இரண்டு தொகைகள் குறிக்கப்படும்: ஒரு விபத்துக்கு அதிகபட்சம் எவ்வளவு, ஓராண்டு முழுவதற்கும் அதிகபட்சம் எவ்வளவு. வழக்கை எதிர்கொள்ளும் வக்கீல் செலவும் அந்த வரம்புக்குள் அடங்கும். சங்கத்தின் சம்பள ஆட்கள், அதாவது வாட்ச்மேன், பெருக்குபவர், மேனேஜர் ஆகியோர் இதில் வரமாட்டார்கள். அவர்களுக்கு ஊழியர் இழப்பீட்டுக்கென்று தனி பாலிசி. விருந்தில் சாப்பிட்டு வாந்தி பேதி வந்தால் அது அடங்குமா என்பதையும், சங்க உறுப்பினரே அடிபட்டால் அவர் மூன்றாம் நபராகக் கருதப்படுவாரா என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது கேள்வி சங்கங்களுக்கே உரியது. கடைக்காரரோ ஹோட்டல்காரரோ அதைக் கேட்க வேண்டிய தேவை இல்லை. ஏஜென்டும் தானாகச் சொல்ல வாய்ப்பில்லை.

இன்னொரு நிபந்தனை நம் ஊர் வழக்கத்தோடு நேராக மோதுகிறது. கம்பெனியின் சம்மதமில்லாமல் தவற்றை ஒப்புக்கொள்ளக் கூடாது, பணம் தருவதாக வாக்களிக்கக் கூடாது என்று பொறுப்புக் காப்பீட்டு பாலிசிகள் சொல்கின்றன. நம் ஊரிலோ விபத்து நடந்த அன்றே பெரியவர்கள் மந்தையில் உட்காருவார்கள். அடிபட்டவர் வீட்டார் ஒரு பக்கம், நிர்வாகிகள் ஒரு பக்கம். பொழுது சாய்வதற்குள் ஒரு தொகை பேசி முடிக்கப்படும். மனித நேயத்திலும் அமைதி காப்பதிலும் அது எத்தனையோ நீதிமன்றங்களைவிட வேகமானது. ஆனால் கம்பெனிக்குத் தகவல் சொல்வதற்கு முன்பே ஐந்து லட்சம் தருகிறோம் என்று அம்பலகாரர் சொல்லிவிட்டால், அந்த ஐந்து லட்சத்தை ஊர்தான் தர வேண்டிவரும், பாலிசி கைகழுவிவிடும். இதற்காகப் பேசித் தீர்க்கும் வழக்கத்தையே விட்டுவிடு என்று சொல்வது நகரத்துத் திமிர். மருத்துவச் செலவுக்கு உடனடி உதவி என்று மட்டும் சங்க நிதியிலிருந்து கொடுத்து, அது கருணைத் தொகை, இழப்பீடு வேறு என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு, அன்றே கம்பெனிக்கு எழுத்தில் தெரிவிப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். பாலிசி எடுக்கும்போதே இப்படிச் செய்யலாமா என்று கேட்டு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

கட்டடக் காப்பீட்டைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அது பழகிய சரக்கு. 2021 ஏப்ரல் முதல், மொத்த மதிப்பு 5 கோடி ரூபாய்க்கு மிகாத தொழில், வணிக இடங்களுக்கு ‘பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா’ என்ற ஒரே மாதிரியான பாலிசியை எல்லாக் கம்பெனிகளும் தர வேண்டுமென்று காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்தது. தீ, இடி, புயல், வெள்ளம், கலவரச் சேதம் எல்லாம் அதில் அடங்கும். (கலவரம் என்ற சொல் சாதிச் சங்க மண்டபங்களுக்கு எவ்வளவு பொருத்தம் என்பதை இந்தப் பக்கத்து மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்த மண்டபங்களின் வாசலில் சாதி நிற்கிறது என்பது தனியாக, இதைவிடக் கடுமையாக எழுத வேண்டிய விஷயம்.) சிக்கல் தொகையைக் குறைத்துப் போடுவதில் இருக்கிறது. 80 லட்சம் பெறும் கட்டடத்தை 40 லட்சத்துக்குக் காப்பீடு செய்து, 10 லட்சத்துக்குச் சேதம் வந்தால், கம்பெனி பாதிக்குத்தான் காப்பீடு செய்தாய் என்று 5 லட்சம் மட்டும் தரும். மேலே சொன்ன பாலிசியில் 15 சதவீதம்வரை குறைந்திருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். அதற்கு மேல் இல்லை. பழைய கல் சாவடிகளுக்கு மதிப்புப் போடுவதே பெரும் பாடு. மீனாட்சியம்மன் கோயிலில் 2018 பிப்ரவரி 2 அன்று எரிந்த வீரவசந்தராயர் மண்டபத்தை மறுபடி எழுப்ப நாமக்கல் மாவட்டத்திலிருந்து கல் எடுத்து வர வேண்டியிருந்தது. வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டது. சதுர அடிக் கணக்கில் போட்ட மதிப்பு அந்த மாதிரித் தூண் ஒன்றைக்கூட நிறுத்தித் தராது.

மதிப்பைவிடப் பெரிய முட்டுக்கட்டை பட்டா. காப்பீடு செய்பவருக்கு அந்தச் சொத்தில் சட்டப்படி நலன் இருக்க வேண்டும். இழப்பு வந்தால் காசோலை யார் பெயரில் எழுதுவது என்ற கேள்விக்கு விடை வேண்டும். நம் சாவடிகள் பல கிராம நத்தத்திலோ புறம்போக்கிலோ நிற்கின்றன. சிலவற்றின் பட்டா என்றைக்கோ இறந்துபோன ஒரு பெரியவர் பெயரில் இருக்கிறது. அவருடைய பேரன்கள் வாரிசு என்று வந்து நின்றால் இன்சூரன்ஸ் பணம் அவர்களுக்கா, ஊருக்கா? 1975-ம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்வதும், முறையான டிரஸ்ட் பத்திரம் எழுதுவதும் இந்தக் குழப்பத்துக்கு விடை. பதிவு செய்யாத ஊர்க்கமிட்டி என்றால் வழக்கு நிர்வாகிகளின் சொந்தப் பெயரில் வந்து நிற்கும்; அவர்கள் வீடும் தோட்டமும் பேச்சில் அடிபடும். கௌரவத்துக்காகச் செயலாளர் பதவியை ஏற்றுக்கொண்ட ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு இந்தச் செய்தி தெரிந்தால், அடுத்த கூட்டத்தில் அவரே முதலாவதாகப் பதிவுக்குக் குரல் கொடுப்பார்.

பெரிய விபத்து என்றால் அரசு நிவாரணம் தருகிறதே என்பது அடுத்த மறுப்பு. தஞ்சாவூர் அருகே களிமேட்டில் 2022 ஏப்ரல் 27 அதிகாலையில் அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசி 11 பேர் இறந்தபோது, இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 5 லட்சம் ரூபாயை மாநில அரசு அறிவித்தது. அது தேவையான உதவி. ஆனால் நிவாரணம் அரசின் மனம். இழப்பீடு பாதிக்கப்பட்டவரின் உரிமை. பதினோரு பேர் இறந்தால் முதலமைச்சர் அறிக்கை வரும், ஒருவர் இறந்தால் வருமென்று உறுதியில்லை, ஒருவர் கால் முறிந்தால் நிச்சயமாக வராது. ஊர் மண்டபங்களில் நடக்கும் விபத்து பெரும்பாலும் அந்தக் கடைசி வகை. இன்னும் சிலர், கேஸ் சிலிண்டருக்கே இன்சூரன்ஸ் உண்டே என்பார்கள். உண்டு, எண்ணெய் நிறுவனங்கள் எடுத்து வைத்திருக்கும் பொதுப் பொறுப்பு பாலிசியில் எரிவாயுவால் நேரும் மரணத்துக்கு 6 லட்சம்வரை கிடைக்கும். ஆனால் பொருட்சேதத்துக்கான பங்கு, இணைப்பு பதிவான முகவரியில் நடந்தால்தான். சமையல் மாஸ்டர் எங்கிருந்தோ ஏற்றி வந்த சிலிண்டருக்கும், விருந்துக்கு எடுத்து வந்த வீட்டுச் சிலிண்டருக்கும் அந்த நிழல் எந்த அளவு எட்டும் என்பதை விபத்துக்குப் பிறகு வாதாடிப் பார்க்கும் நிலையில் எந்தச் சங்கமும் இருக்கக் கூடாது.

சாமி காரியத்துக்கு இன்சூரன்ஸா என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. மும்பை கிங்ஸ் சர்க்கிள் பகுதியில் கணபதி விழா நடத்தும் ஜிஎஸ்பி சேவா மண்டல், கொங்கணி பேசும் கௌட சாரஸ்வதச் சமூகத்தின் அமைப்பு. நம் உறவின்முறைக்கு நெருங்கிய உறவு என்றே சொல்லலாம். அது 2023-ம் ஆண்டின் ஐந்து நாள் விழாவுக்கு எடுத்த காப்பீடு மொத்தம் 360 கோடியே 40 லட்சம் ரூபாய். அதில் பிள்ளையாரின் தங்கம் வெள்ளிக்கு 38 கோடி சொச்சம்தான். 289 கோடியே 50 லட்சம், தொண்டர்கள், அர்ச்சகர்கள், சமையல்காரர்கள், செருப்பு பார்த்துக்கொள்பவர்கள், காவலர்கள் ஆகியோரின் விபத்துக் காப்பீடு. பக்தர்களுக்கும் பந்தலுக்குமான பொதுப் பொறுப்பு 30 கோடி. இந்தப் பங்கீட்டைத்தான் நம் ஊர்க்கணக்கு எழுதுபவர்கள் உற்றுப் பார்க்க வேண்டும். நகைக்குப் போட்டதைப்போல ஏழு மடங்குக்கு மேல் மனிதருக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த அளவு பணம் நம்மிடம் இல்லை என்பது உண்மை. ஆனால் விழாவுக்குத் தோள் கொடுக்கும் இளைஞர்களைப் பிரதமர் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேர்ப்பதற்கு ஆளுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய்தான். 18 முதல் 70 வயதுக்குள் வங்கிக் கணக்கு உள்ள எவரும் சேரலாம், விபத்தில் இறந்தால் 2 லட்சம். நூறு தொண்டர்களுக்கு இரண்டாயிரம் ரூபாய்; ஒரு கூடை மாலைச் செலவு.

கம்பெனிக்காரன் வாங்கும்போது சிரிப்பான், கொடுக்கும்போது சட்டம் பேசுவான் என்ற குறையில் உண்மை இல்லாமலில்லை. அவன் பேசும் சட்டம் எது என்று முன்பே தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும். பிரீமியம் கைக்கு வராமல் பொறுப்பு தொடங்காது என்பது 1938-ம் ஆண்டின் காப்பீட்டுச் சட்டம். ஆகவே பங்குனியில் முடிந்த பாலிசியைச் சித்திரைத் திருவிழா முடிந்து வரி வசூலானதும் புதுப்பித்துக்கொள்ளலாம் என்று விட்டால், கூட்டம் அதிகமுள்ள மாதமே காப்பில்லாத மாதமாகிவிடும். மண்டபத்துக்குத் தாசில்தார் தரும் பொதுக்கட்டட உரிமம் நடப்பில் இருக்கிறதா, தீயணைப்புத் துறையின் சான்று இருக்கிறதா என்பதை இழப்பை மதிப்பிட வரும் சர்வேயர் கேட்பார். விண்ணப்பத்தில் ‘சங்க அலுவலகம்’ என்று எழுதிவிட்டு உள்ளே வாரம் மூன்று கல்யாணம் நடத்தினால், மறைத்தாய் என்று சொல்லிக் கையை விரிக்கக் கம்பெனிக்கு வாய்ப்பை நாமே எழுதிக் கொடுத்ததாகும். அதன் பிறகும் நியாயமில்லாமல் மறுத்தால், பதிவு பெற்ற சங்கம் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். டிரஸ்ட்களுக்கு அந்த வழி பழைய சட்டத்தில் இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொன்னது. 2019-ல் வந்த புதிய சட்டம் ‘நபர்’ என்பதன் வரையறையை விரித்திருக்கிறது. எந்த வடிவில் பதிவு செய்வது என்று முடிவெடுக்கும்போது வக்கீலிடம் இதையும் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

இன்சூரன்ஸ் இருக்கிறது என்ற தைரியத்தில் கவனம் குறையாதா? குறையலாம். ஆனால் இழப்பீட்டுத் தொகையைத்தான் பாலிசி ஏற்கும்; அஜாக்கிரதையால் மரணம் விளைவித்த குற்றத்துக்கான சிறையை எந்தக் கம்பெனியும் ஏற்காது. உபகார் வழக்கில் தியேட்டர் உரிமையாளர்கள் இழப்பீட்டோடு தண்டனையையும் சந்தித்தார்கள். அதுபோக, பாலிசி தருவதற்கு முன் கம்பெனி அனுப்பும் ஆள், ஊரில் யாரும் கேட்கத் துணியாத கேள்விகளைக் கேட்பார்: பின்வாசல் ஏன் பூட்டியிருக்கிறது, மெயின் பாக்ஸில் ஃப்யூஸுக்குப் பதில் ஏன் கம்பி சுற்றியிருக்கிறது, சமையல் கூடத்தில் எத்தனை சிலிண்டர். தலைவரின் மச்சான் செய்த வயரிங்கைக் குறைசொல்ல உள்ளூரில் எவருக்கும் வாய் வராது. வெளியாளின் அறிக்கைக்கு அந்தக் கூச்சம் இல்லை.

செலவுக் கேள்விதான் மிச்சம். முந்நூறு தலைக்கட்டு உள்ள ஓர் ஊர், பத்து உயிருக்கு உபகார் கணக்கில் ஒரு கோடி தர நேர்ந்தால் வீட்டுக்கு முப்பத்து மூவாயிரத்துக்கு மேல் வரி போட வேண்டும். கரும்பும் நெல்லும் போடுகிற வீடுகளில் அது ஒரு போகத்து மிச்சத்தையே தின்றுவிடும். பிரீமியம் அதோடு ஒப்பிட முடியாத அளவு சிறியது. ஆனால் தனித்தனிச் சாவடி தனித்தனியாகப் போய்க் கேட்டால் கம்பெனியும் அக்கறை காட்டாது, விலையும் படியாது. அமெரிக்காவில் எல்க்ஸ் என்ற சகோதரச் சங்கம் இதற்கு ஒரு வழி கண்டது: தலைமைச் சங்கமே ஒரே பெரிய பொறுப்பு பாலிசியை எடுத்து, நாடு முழுவதும் உள்ள கிளைகளை அதில் சேர்த்து, அவரவர் பங்கை வசூலிக்கிறது. தமிழகத்தில் அப்படிச் செய்யக்கூடிய தலைமை அமைப்புகள் இல்லாமலில்லை. 1910-ல் தொடங்கி மதுரையைத் தலைமையிடமாகக் கொண்ட நாடார் மகாஜன சங்கம்போல, பல ஊர் உறவின்முறைகளை ஒரு குடைக்கீழ் வைத்திருக்கும் சங்கங்கள் உண்டு; மண்டகப்படிதாரர்கள் திருவிழாவுக்கு முன் ஒன்றுகூடிப் பேசுவதும் உண்டு. கள்ளழகர் பாதையில் உள்ள மண்டகப்படிகள் ஐம்பது சேர்ந்து ஒரே விண்ணப்பமாக ஒரு பொதுத்துறைக் கம்பெனியின் மதுரைக் கிளைக்குப் போனால், கிளை மேனேஜர் எழுந்து நின்று நாற்காலி போடுவார். முறைமையில் யார் முன்னால் கையெழுத்திடுவது என்ற தகராறு வரத்தான் செய்யும். அதையும் பேசித் தீர்க்கும் ஆட்கள் இந்தப் பக்கத்தில் நிறைய இருக்கிறார்கள். சித்திரைக்கு முன்பே பேச உட்கார்ந்தால் அந்த ஆண்டே பாலிசி கைக்கு வரும்.